ராட்சதச் சிலந்திப் படம்: பெரிய சிலந்தி வந்ததும் பயம் ஏன் போயிடுது?

ஃபிரேம்24:
பில் ரெபேன் இயக்கிய ‘தி ஜயன்ட் ஸ்பைடர் இன்வேஷன்’ (1975) பார்த்தவங்க இருக்கீங்களா? விஸ்கான்சின் பண்ணையில் வானத்திலிருந்து கல் விழுது, உடைச்சா உள்ளே சிலந்தி. சின்னச் சிலந்திகள் ஊரும்போது உடம்பு கூசுது. பெரியது வெளியே வந்ததும் படம் படுத்துடுது. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் மேல கட்டின சிலந்தின்னு தெரியும். ஆனா பட்ஜெட் மட்டும்தான் காரணமா? 8 நிமிடக் குறும்படத்துக்கு 3 மீட்டர் சிலந்தி ஒண்ணு வேணும், கிராஃபிக்ஸ் ஆள் கிடையாது. அதே தப்பைச் செய்யாம இருக்கணும்.

மேட்லைன்:
பட்ஜெட் இரண்டாவது காரணம்தான். முதல் காரணம், அந்தக் கால்கள் எடையைத் தாங்கவே இல்லை. உடம்பு சக்கரத்தில் ஒரே உயரத்தில் உருளுது, உள்ளே ஆட்கள் உட்கார்ந்து கால்களை மேலும் கீழும் ஆட்டுறாங்க. கால் ஊன்றும் இடத்துக்கும் உடம்பு நகரும் தூரத்துக்கும் சம்பந்தமில்லை. நம்ம கண் இதை அரை நொடியில் பிடிச்சிடும். அதையும் பட்டப்பகலில், முழு உருவமா, தூரத்திலிருந்து காட்டினாங்க. அந்தச் சிலந்தியை முழங்கால் வரைக்கும் மட்டும் காட்டியிருந்தா படம் பிழைச்சிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

எட்டுக்கால்:
உடலமைப்பும் தப்பு. எட்டுக் காலும் முன் உடம்பிலிருந்துதான் கிளம்பும், பின்னால் உருண்டையா இருக்கும் வயிற்றில் ஒரு கால்கூடக் கிடையாது. பொம்மை செய்றவங்க பெரும்பாலும் கால்களை நீளவாக்கில் சமமாப் பரப்பிடுறாங்க, அப்பவே அது வண்டு மாதிரி ஆயிடும்.

நடை: முன்னாலிருந்து எண்ணினா, இடது 1, 3, வலது 2, 4 ஒன்றாகத் தூக்கும், பிறகு மற்ற நான்கும். எப்பவும் பாதிக் கால் தரையில் இருக்கும். இன்னொண்ணு, முக்கிய மூட்டுகளில் மடக்கத்தான் தசை உண்டு, நீட்டத் தசை இல்லை. உடல் திரவத்தின் அழுத்தத்தால்தான் கால் நீளுது. செத்த சிலந்தியின் கால் உள்நோக்கிச் சுருண்டு கிடப்பதும் அதனால்தான். நீளும் அசைவு வழவழன்னும், மடங்கும் அசைவு வெடுக்குன்னும் இருந்தா உயிர் வந்துடும்.

ஃபிரேம்24:
அப்போ உயிருள்ள சிலந்தியையே படம்பிடிச்சு நம்ம காட்சியோட ஒட்டினா? 1955-இல் வந்த ‘டரான்டுலா’ இன்னமும் நல்லாத்தானே இருக்கு?

மேட்லைன்:
ஜாக் ஆர்னால்ட் படம். அதில் உண்மையான டரான்டுலாவைத் தனியாப் படம்பிடிச்சு, காற்றை ஊதி ஊதித் திசை திருப்பி நடக்க வச்சு, பாலைவனக் காட்சியோட சேர்த்தாங்க. கறுப்பு வெள்ளை என்பதால் நிற வித்தியாசம் தெரியல. அப்படியும் சில ஷாட்டில் கால் நுனி தரையில் படாம நிற்கும். பாதத்துக்கு நேர் கீழே விழும் நிழல் இல்லேன்னா எவ்வளவு நல்ல ஒட்டும் மிதக்கும்.

வேகமும் முக்கியம். எத்தனை மடங்கு பெரிசாக் காட்டுறீங்களோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு அசைவு மெதுவாகணும். 3 செ.மீ. சிலந்தி 3 மீட்டர் ஆனா 100 மடங்கு, அதனால் 10 மடங்கு மெதுவா. ஃபோனில் நொடிக்கு 240 ஃபிரேம் எடுத்து 24-இல் ஓட்டினா சரியா வரும். ஷட்டர், அதாவது ஒரு ஃபிரேமுக்கு வெளிச்சம் உள்ளே போற நேரம், 1/480 நொடி ஆகிறதால வெளிச்சம் நிறைய வேணும். வெயிலில் எடுங்க, வீட்டு எல்.இ.டி. விளக்கு பல நேரம் படத்தில் துடிக்கும். சிலந்தியை மேசை விளிம்பிலிருந்து தள்ளியே வைங்க, டரான்டுலா கொஞ்ச உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு கிழிஞ்சு செத்துடும்.

கம்பியும்நாரும்:
குறும்படத்துக்கு முழுச் சிலந்தி வேண்டாம். இரண்டு முன்னங்கால் மட்டும் செய்யுங்க. ஒரு காலுக்கு முக்கால் இன்ச் பி.வி.சி. பைப் 50 செ.மீ. துண்டு மூணு, மொத்தம் ஒன்றரை மீட்டர். மூட்டுக்கு போல்ட்டும் இரட்டை நட்டும், ஒற்றை நட்டு ஆட்ட ஆட்டக் கழண்டுடும். மேல எட்டுக்கால் சொன்னதை அப்படியே பயன்படுத்தலாம்: மடக்க சைக்கிள் பிரேக் கேபிள், நீட்ட பழைய டியூபை வெட்டின ரப்பர் பட்டை. கேபிள் உறையைக் கூர்மையா வளைச்சா உராய்ஞ்சு கால் திக்கித் திக்கி அசையும், அதனால் வளைவைப் பெரிசா விட்டு உள்ளே கிரீஸ் தடவுங்க. மேலே ஸ்பாஞ்ச் சுற்றி, சாயமேற்றின தென்னை நாரைக் கொத்துக் கொத்தா ஒட்டுங்க. சீரா ஒட்டினா துடைப்பம் மாதிரித் தெரியும்.

பாத நுனியில் 200 கிராம் மணல் பை கட்டுங்க, கால் ஊன்றும்போது கனமா இறங்கும். அந்த இடத்தில் காய்ந்த புழுதி தூவி, கேமராவைத் தரையோட வச்சு, பின்னாலிருந்து ஒரே விளக்கு அடிங்க. புழுதி எழும்புறதும் நிழலும் ஒரே ஷாட்டில் கிடைச்சிடும், எதையும் ஒட்ட வேண்டியதில்லை.