31 வயதுத் தம்பிக்கு என்ன மாதிரி கதைப் புத்தகம்?

மழைத்தூறல்:
என் தம்பிக்கு 31 வயது, அறிவுசார் மாற்றுத்திறனாளி. நான்கைந்து வார்த்தையில் முடிகிற வாக்கியத்தை விரல் வைத்து வாசிப்பான். நீண்டால் விட்டுவிடுவான். பிறந்தநாளுக்கு வருவதெல்லாம் முயல் கதை, சிங்கக் கதை. போன தடவை வந்ததைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பாப்பா புக்" என்று தள்ளிவைத்தான். நியாயம்தானே? தினமும் வேலைக்குப் போகிறவன், அப்பாவைப் பறிகொடுத்தவன். அவனுக்கு எதைக் கொடுப்பது?

பென்டிரைவ்:
ஆடியோ புத்தகம் போட்டுப் பாருங்களேன்.

மழைத்தூறல்:
போட்டோம். குரல் அவனுக்காக நிற்பதில்லை, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

அச்சுப்பிழை:
இவர்களைப் போன்ற பெரியவர்களுக்காக ஒரு வாசிப்பு வட்டம் நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

வாக்கியம் எளிதாக இருந்தால் போதும், விஷயம் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்க வேண்டியதில்லை. ஸ்வீடனில் 1968இலேயே எளிய வாசிப்பு நூல் வந்துவிட்டது. 1984 முதல் எளிய நடையில் ஒரு செய்தித்தாளும் வருகிறது. பிரிட்டனில் ஷீலா ஹாலின்ஸ் என்ற மனநல மருத்துவர் தொடங்கிய 'புக்ஸ் பியாண்ட் வேர்ட்ஸ்' வரிசையில் கதை முழுக்கப் படம்தான். 1989இல் வந்த முதல் புத்தகங்களே பெற்றோரின் மரணம் பற்றியவை. பிறகு காதல், ஆஸ்பத்திரி, கோர்ட்டு வரை போனார்கள்.

படக்கதையை வாசிக்கும்போது நீங்கள் முந்திக்கொண்டு பேசாதீர்கள். "இங்கே என்ன நடக்குது?", "இவருக்கு மனசு எப்படி இருக்கும்?" இவ்வளவு கேட்டால் போதும். எங்கள் வட்டத்தில் ஒரு படம்: ஒருவர் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறார். நான் துக்கம் என்று நினைத்தேன். "நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்திருக்கார், எழுப்பாதீங்க" என்றார் ஒருவர். அப்புறம் கதை முழுவதும் அந்த ஷிஃப்டைச் சுற்றியே போனது. திருத்தவில்லை, எதற்குத் திருத்த வேண்டும்?

நீங்களே எழுதுவதாக இருந்தால், நம் எழுத்துநடையில் ஒரு சிக்கல் உண்டு. "அப்பா வாங்கித் தந்த சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த குமார், கதவு தட்டும் சத்தம் கேட்டு எழுந்தான்." குமார் வருவதற்குள் அப்பாவும் சைக்கிளும் வந்து போய்விடுகிறார்கள். இதை உடையுங்கள்: "குமாரிடம் ஒரு சைக்கிள் இருக்கிறது. அப்பா வாங்கித் தந்தது. குமார் சைக்கிளைத் துடைத்தான். யாரோ கதவைத் தட்டினார்கள். குமார் எழுந்தான்." ஒவ்வொரு தடவையும் பெயரையே போடுங்கள். 'அவன்' என்று எழுதினால் "எவன்?" என்று கேட்பார்கள்.

அறிவுசார் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்குமான இன்க்ளூஷன் யூரோப் என்ற ஐரோப்பிய அமைப்பு, எளிதாக வாசிக்கும்படி எழுதுவது பற்றி 2009இல் போட்ட வழிகாட்டி, எழுத்தின் அளவு 14 புள்ளிக்கு (பாயின்ட்) குறையக் கூடாது, வரி முடிவில் வார்த்தையை உடைக்கக் கூடாது என்கிறது. புத்தகம் தயாரிப்பவர்கள் அதையெல்லாம் செய்துவிடுகிறார்கள். அறிவுசார் மாற்றுத்திறனாளிகளையே சேர்த்துக்கொண்டு தயாரிக்கச் சொல்கிறதே, அதைத்தான் வசதியாக மறந்துவிடுகிறார்கள். தம்பி எந்த வரியில் விரலை நிறுத்துகிறார் என்று பார்த்து, அங்கே பென்சிலால் கோடு போடுங்கள். மாற்ற வேண்டிய இடம் அது.

நடைவண்டி:
இப்படி உடைத்துக்கொண்டே போனால் கதை மருந்துச் சீட்டு மாதிரி ஆகிவிடாதா?

அச்சுப்பிழை:
கதவைத் தட்டியது யார் என்று நான் இன்னும் சொல்லவில்லையே!

மழைத்தூறல்:
:) சரி, அப்பாவைப் பற்றி அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினால்?

அச்சுப்பிழை:
தாராளமாக. அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். வாசித்துக் காட்டி, வேண்டாத வரியை அடிக்கச் சொல்லுங்கள். படத்துக்குப் பொம்மைப் படம் வேண்டாம், அப்பாவின் போட்டோ இருந்தால் அதையே ஒட்டுங்கள். அப்புறம், யாருக்கெல்லாம் காட்டலாம் என்று அவரையே கேளுங்கள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எல்லாம் எடுத்து வாசித்துக் காட்டினால் அவருக்குப் பிடிக்காமல் போகலாம். வேண்டாம் என்றால் அவர் அலமாரியிலேயே இருக்கட்டும்.