சிஏ-125 இறங்கும் வேகம்: எதை நம்புவது?

கேள்வி: சினைப்பைப் புற்று, மூன்றாம் நிலை. கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்துகள் போய்க்கொண்டிருக்கிறது. சிஏ-125 (இந்தப் புற்றில் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) முதலில் 840, அடுத்து 610, மூன்றாவது கீமோவுக்கு முன் 290. மருந்து கேட்கிறதா?

பதில் 1: பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. அந்த இறக்கம் 28 நாளாவது நிலைக்கணும். வேகத்துக்குக் கெலிம் (KELIM, சிஏ-125 எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதன் மதிப்பெண்) கணக்குப் போடுங்கள்: கீமோ தொடங்கி 100 நாளுக்குள் குறைந்தது மூன்று அளவு, தேதியோடு. 1-க்கு மேல் வந்தால் சாதகம். கீழே என்றால் பிளாட்டினத்துக்கு (கார்போபிளாட்டின் அந்த வகை மருந்து) நோய் அவ்வளவாக மசியவில்லை.

பதில் 2: மூன்றும் ஒரே லேபா? சோதனைக் கிட் மாறினால் எண்ணும் மாறும். வயிற்று நீர் வடித்தோ, ஆபரேஷன் முடிந்தோ 28 நாளுக்குள் எடுத்த அளவை நம்பாதீர்கள்.

பதில் 3: சிகிச்சை முடிந்தபின் எண் மட்டும் ஏறினால் அவசரம் வேண்டாம். 2010-ல் வெளியான ஓவி05 ஆய்வில், அதை வைத்தே முன்கூட்டி கீமோ தொடங்கியவர்களுக்கு ஆயுள் கூடவில்லை. ஸ்கேனும் அறிகுறியும் பாருங்கள்.