வீட்டு ஷெட்டுக்கு லேத்: புது மினியா, பழைய நாலரை அடியா?

திருச்சி_புல்லட்:
வீட்டை ஒட்டி 10-க்கு 12 அடியில் ஷெட் இருக்கிறது. பழைய புல்லட்டுகளைப் பிரித்துச் சரிசெய்வதில் ஆசை. ஒரு புஷ் (தண்டு உள்ளே சுழலும் சிறு குழல்) கடைய வேண்டுமென்றாலும் லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அவர்கள் ஆர்டர் வேலை முடிந்தால்தான் நமக்கு. புது 7-க்கு 14 அங்குல மினி லேத் வாங்கலாமா, இல்லை உள்ளூரில் விலைக்கு வந்திருக்கும் பழைய நாலரை அடி லேத்தா (அதன் பெட், அதாவது அடித்தண்டவாளம், நாலரை அடி நீளம்)? வீட்டில் சிங்கிள் பேஸ்தான்.

மாடி_பட்டறை:
என்னிடம் மினிதான். எடை 40 கிலோ அளவுக்குத்தான், இரண்டு பேர் தூக்கி மேஜைமேல் வைத்துவிடலாம். பித்தளை, அலுமினியம் அருமையாகக் கடையும். இரும்பில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும்.

கோவை_டர்னர்:
தம்பி, நீங்கள் கடையப்போகும் பெரிய உருப்படி எது என்று முதலில் பாருங்கள். புஷ், ஸ்பேசர் மட்டும் என்றால் மினியே போதும். ஆனால் புல்லட் வைத்திருப்பவர் நாளைக்கே பிரேக் டிரம்மைக் கொண்டுவருவார். டிரம்மின் உள்விட்டமே 6, 7 அங்குலம். மினியில் பெட்டுக்கு மேல் 180 மி.மீ. (சுமார் 7 அங்குலம்) விட்டம் வரை சுற்றும், அவ்வளவுதான். ஷெட் தரைத்தளம் என்பதால் கனம் பிரச்சினையில்லை, நாலரை அடியையே போய்ப் பாருங்கள்.

பெயின்ட்டைப் பார்த்து வாங்காதீர்கள், பெட்டைப் பாருங்கள். வேலை முழுக்கச் சக்குக்கு (உருப்படியைப் பிடித்துச் சுழலும் தாடை) பக்கத்தில் நடப்பதால் தேய்மானமும் அங்கேதான். கேரேஜை (வெட்டும் உளியைத் தாங்கி பெட்மேல் நகரும் பகுதி) சக்கு அருகே கொண்டுவந்து, லாக் போல்ட்டை லேசாக உரசும் அளவுக்கு இறுக்குங்கள். அப்புறம் கைச்சக்கரத்தைச் சுற்றி டெயில் ஸ்டாக் (சக்குக்கு எதிர்முனைத் தாங்கி) பக்கம் நகர்த்துங்கள். போகப்போகக் கொஞ்சம் இறுகினால் விலையில் பேசலாம். பாதி வழியிலேயே நின்றுவிட்டால் அந்த லேத் வேண்டாம்; பெட்டை மறுபடி கிரைண்ட் செய்வது வீட்டுப் பட்டறைக்குக் கட்டாது.

அடுத்தது ஸ்பிண்டில், அதாவது சக்கைச் சுழற்றும் தண்டு. சக்கில் ஒன்றரை அடிக் கம்பியைப் பிடித்து, டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) ஸ்பிண்டில் மூக்கில் வைத்து, கம்பியைத் தூக்கிப் பாருங்கள். முள் 0.02, 0.03 மி.மீ. ஆடினால் பேரிங்கை இறுக்கிப் பார்க்கலாம். 0.1 என்றால் பேரிங் செலவையும் கணக்கில் வையுங்கள். கிராஸ் ஸ்லைடு (உளியைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) கைப்பிடி கொஞ்சம் சும்மா சுற்றினால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் நட் மாற்றினால் தீரும்.

சேஞ்ச் கியர்களை (திரெட் அளவுக்கு ஏற்ப மாற்றிப் போடுபவை) எண்ணிப் பாருங்கள். லீட் ஸ்க்ரூ (திரெட் வெட்டும்போது கேரேஜை நகர்த்தும் நீள ஸ்க்ரூ) அங்குலக் கணக்கில் இருந்தால் மில்லிமீட்டர் திரெட் துல்லியமாக வெட்ட 127 பல் கியர் வேண்டும் (5 அங்குலம் 127 மி.மீ. ஆகிறது அல்லவா). ட்ரூ சக்கோடு (மூன்று தாடையும் சேர்ந்து நகர்வது) டாக் சக்கையும் (நான்கு தாடையும் தனித்தனியே நகர்வது) கேட்டு வாங்குங்கள். தேய்ந்த பழைய பார்ட்டைச் சென்டர் பிடிக்க டாக் சக்தான் கைகொடுக்கும்.

திருச்சி_புல்லட்:
நன்றி அண்ணே. அதில் 1 ஹெச்.பி. த்ரீ பேஸ் மோட்டார் இருக்கிறது. மாற்றியாக வேண்டுமா?

ரீவைண்டிங்_மதுரை:
வேண்டாம். சிங்கிள் பேஸ் வாங்கி த்ரீ பேஸ் கொடுக்கும் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தையும் மாற்றும் மின்னணுப் பெட்டி) போடுங்கள். 1 ஹெச்.பி. மோட்டாரைப் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டியிருப்பார்கள் (ஸ்டார், டெல்டா இரண்டும் மோட்டார் சுருள்களை இணைக்கும் முறைகள்). டெல்டாவுக்கு மாற்றினால் 240-ல் ஓடும். டெர்மினல் பெட்டியில் ஆறு முனை இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றுதான் என்றால் ஸ்டார் முடிச்சை வெளியே எடுக்க மோட்டாரை ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். வி.எஃப்.டி.க்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் பழைய சுவிட்சை எடுத்துவிடுங்கள்.

கோவை_டர்னர்:
சரியாகச் சொன்னார். ஆனால் வி.எஃப்.டி.யில் வேகத்தை ரொம்பக் குறைத்து இரும்பு கடையாதீர்கள், வேகத்தோடு பவரும் இறங்கிவிடும். டிரம்முக்கும் திரெட்டுக்கும் பேக் கியர் (வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் கியர்) போடுங்கள். இன்னொன்று தம்பி, சக் சாவியைச் சக்கிலேயே விட்டுக் கையை எடுக்கும் பழக்கம் ஒருநாளும் வரக் கூடாது. கையுறையும் கூடாது. போகும்போது டயல் கேஜ் எடுத்துப் போங்கள். சக் பக்கத்துப் பெட்டைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போட்டால் பார்த்துச் சொல்கிறேன்.