மாடி அறையில் கரியமில வாயு: சிலிண்டரைத் திறக்கும் முன் ஆலோசனை தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் வீட்டு மாடியில், 10 அடிக்கு 10 அடி அளவில் சன்னல் அடைத்த ஓர் அறையில், எல்.இ.டி. விளக்கின் கீழ் லெட்யூஸ் கீரை வளர்க்கிறேன். வெளிக்காற்றில் ஏறத்தாழ 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) உள்ள கரியமில வாயுவை, கீரை வேகமாக வளர, விளக்கு எரியும் நேரத்தில் மட்டும் 1000 வரை உயர்த்துவதற்காக 9 கிலோ சிலிண்டரும் சோலினாய்டு வால்வும் (மின்சாரத்தால் திறந்து மூடும் அடைப்பான்) வாங்கிவிட்டேன்; இன்னும் திறக்கவில்லை.

அந்த அளவுக்கு உயர்த்த 30 கிராம் வாயு போதும். ஆனால் வால்வு சிக்கிக்கொண்டு சிலிண்டர் முழுவதும் காலியானால், ஏறத்தாழ 5 கன மீட்டர் வாயு 25 கன மீட்டர் அறைக்குள் பரவி, உயிருக்கு உடனடி ஆபத்து எனக் கருதப்படும் 40,000 பிபிஎம்மைப் போல் 4 மடங்கைத் தாண்டிவிடும். விற்றவர் “சோடா கேஸ்தானே சார்” என்று சிரித்தார். மணமற்ற, காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான அந்த வாயு கதவிடுக்கு வழியே படியிறங்கினால், அம்மா பாய் விரித்துப் படுக்கும் கூடம்தான் முதலில் வரும்.

வாயு அளவைப் பார்த்து வால்வை இயக்கும் என் உணரி (சென்சார்), ஒரு வாரத்தில் கண்ட மிகக் குறைந்த அளவையே 400 என எடுத்துக்கொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும் வகை. எப்போதும் 400-க்கு மேல் வாயு இருக்கும் செறிவூட்டிய அறையில் அது குறைத்துக் காட்டி வால்வைக் கூடுதலாகத் திறந்துவிடாதா? அந்த வசதியை அணைத்துவிட்டு வெளிக்காற்றில் வைத்து நீங்களே திருத்துபவர்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை செய்கிறீர்கள்? 5000 பிபிஎம்மில் ஒலிக்கும் தனி அலாரத்தைத் தரையருகே வைப்பதா, படிக்கட்டின் அடியிலா? சிலிண்டரை வெளியே நிழலில் நிறுத்திக் குழாயை மட்டும் உள்ளே விட்டவர்கள் படம் பகிர்ந்தால் நன்றியுடையவனாவேன்.