கிரில் சாம்பலால் நடந்தவை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

குமுளிக்காரி:

கிரில்லில் கோழி சுடுவது எப்படி என்று சொல்லித் தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மறுநாள் அந்தச் சாம்பலை என்ன செய்வது என்று பேச ஆளில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வேலை பார்க்கும் விடுதி ஏலத்தோட்டத்து ஓரம். டிசம்பர் வந்துவிட்டால் தினமும் ஏதாவது ஒரு குடும்பம் முற்றத்தில் அடுப்பு மூட்டும். அன்றைக்குச் சுட்டு முடிக்கவே நள்ளிரவு ஆகிவிட்டது. காலையில் பெருக்க வந்த அக்கா, லோயர் கேம்ப்பிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர், கிரில்லைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. ராத்திரியெல்லாம் பனியில் கிடந்த தகரம் வேறு எப்படி இருக்கும்? சாம்பலை வாரி பிளாஸ்டிக் பக்கெட்டில் போட்டு ஓரமாக வைத்தார். அரை மணி நேரம் கழித்து அதைத் தூக்கினார். மேல் பாதி கையோடு வந்தது, அடி தரையோடு ஒட்டிக்கொண்டது. உள்ளே இருந்ததெல்லாம் அவர் பாதத்தில் கொட்டியது.

வெள்ளைச் சாம்பல் கட்டிகள் கால் மேல் விழுந்து உடைந்த பிறகுதான் உள்ளே சிவப்பு தெரிந்தது. அதுவரை ஒரு பொறிகூடக் கண்ணில் படவில்லை. அந்தச் சிவப்பு இன்னும் என்னை விடவில்லை. யாரோ ஓடிப்போய்ப் பற்பசை கொண்டுவந்து பூசினார்கள், அதுவும் கூடுதல் கொடுமை.

உங்கள் பக்கம் என்ன செய்கிறீர்கள்?

தோப்புக்காரன், கோபாலபுரம்:

இங்கேயும் இதே கதைதான். எங்கள் தோப்பு பொள்ளாச்சிக்கு மேற்கே, கேரளா எல்லையை ஒட்டி. பக்கத்தில் ஒரு நார் மில். பின்னால் நார்க்கழிவு ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து கிடக்கும். மில்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு வந்த சமையல்காரர்கள், மீன் சுட்ட கரியை அந்தக் குவியல் ஓரம் கொட்டி, ரெண்டு செம்பு தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார்கள்.

உடனே பற்றியிருந்தால் யாராவது பார்த்து அணைத்திருப்பார்கள். நார்க்கழிவு அப்படி எரியாது, உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டு போகும். மறுநாள் சாயங்காலம்தான் வாசனை வந்தது. தை மாதம் வேறு, கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று பாலக்காட்டைப் பார்த்து அடிக்கிற காலம். மண்வெட்டியால் ஓரத்தை இழுத்தேன். ஒரு முழம் உள்ளே சிவப்பு. காற்றுப் பட்டதும் அது என் கண் முன்னாலேயே அகலமாகிக்கொண்டே போனது. தீயணைப்பு வண்டி வந்து, பொக்லைன் வைத்துக் கிளறிக் கிளறித் தண்ணீர் அடித்த பிறகுதான் அடங்கியது. 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம் குப்பை மேடு நாள் கணக்கில் எரிந்தபோது, ஏன் அணைக்க முடியவில்லை என்று பலர் கேட்டார்கள். எனக்குப் புரிந்தது. குவியலுக்குள் போன தீயை மேலே ஊற்றும் தண்ணீர் எட்டாது.

அதனால் சொல்கிறேன், தெளித்தால் போதாது. ஊற்ற வேண்டும், கிளற வேண்டும், சேறாகும்வரை மறுபடி ஊற்ற வேண்டும்.

செங்கோட்டை வாசி:

தோப்புக்கார அண்ணாச்சி மன்னிக்கணும், தண்ணீர் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆரியங்காவு தாண்டி ஒரு அல்ஃபாம் (கரித்தணலில் சுட்ட கோழி) கடையில் பார்சலுக்குக் காத்திருந்தேன். கடை மூடும் நேரம். வேலைக்கு இருந்த வங்காளப் பையன் தணல் நிறைந்த அடுப்பில் ஒரு வாளித் தண்ணீரை அப்படியே கவிழ்த்தான். குப்பென்று ஆவியும் சாம்பலும் ஒன்றாக எழுந்தன. புகை விலகியபோது அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றான். சத்தமே போடவில்லை. அதைத்தான் மறக்க முடியவில்லை.

சரி, வேறு என்ன செய்வது? மூடி உள்ள கிரில் என்றால் மூடியைப் போட்டு, மேலும் கீழும் இருக்கிற காற்றுத் துளைகளை அடைத்துவிடுங்கள். காற்று இல்லாவிட்டால் கரி தானாக அணையும். எரியாமல் மிஞ்சிய கரி அடுத்த தடவைக்கும் ஆகும். பிறகு தொடாதீர்கள். 48 மணி நேரம் விடச் சொல்வது சும்மா இல்லை, சாம்பலே கனலுக்குப் போர்வை. மேலே தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்குக் குமுளி அக்கா சொன்னதே சாட்சி. இரும்புக் கரண்டியால் அடிவரை கிளறிப் பாருங்கள். வாரிப் போடுவது மூடி உள்ள இரும்பு வாளியில், வாளி நிற்பது சிமெண்ட் தரையில். ஓலைக் கீற்று, விறகு, கேஸ் சிலிண்டர் பக்கம் கூடாது. வேக்வம் கிளீனர் வைத்திருக்கிறவர்கள் அதால் உறிஞ்சவே கூடாது, ஒரு கனல் போதும், உள்ளே இருக்கும் தூசி பற்றிக்கொள்ளும். காற்றடிக்கும் நேரத்தில் வாரினால் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சாம்பலில் தண்ணீர் சேர்ந்தால் அது காரம், அமிலத்துக்கு நேர் எதிர். ஈரச் சாம்பல் ஒட்டிக் கிடந்தால் இரும்பு துருப்பிடிக்கும், அந்தக் காரம் அலுமினியத் தட்டை அரிக்கும். சாரல் காலத்தில் எங்கள் ஊரில் சாம்பலை அள்ளாமல் விட்ட கிரில்கள் அடியில் ஓட்டை விழுந்து கிடப்பதைப் பார்க்கலாம். கம்பி வலையைத் தேய்க்கக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் இழை உதிர்ந்து வலையில் ஒட்டும், அடுத்த நாள் கறியோடு தொண்டைக்குள் போகும். வலை சூடாக இருக்கும்போதே பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேயுங்கள், ஆறிய பிறகு தேங்காய் நாரும் சோப்பும் போதும்.

உடனே கிளம்பியாக வேண்டும் என்றால் மட்டும் தண்ணீர். அதுவும் இடுக்கியால் ஒவ்வொரு கரியாக எடுத்துத் தண்ணீர் வாளிக்குள் போடுங்கள். கரி தண்ணீருக்குப் போகட்டும், தண்ணீர் தணலுக்கு வர வேண்டாம்.

ஆரம்பாக்கம்:

மணலில் புதைக்கிறவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே. தடா அருவிக்குப் போகிற கூட்டம் எங்கள் பக்கம் ஓடை மணலில் உட்கார்ந்து சுட்டுச் சாப்பிடும். போகும்போது கரியை மணல் போட்டு மூடிவிட்டுப் போகும். பார்க்கச் சுத்தமாகத்தான் இருக்கும். காலையில் என் அக்கா மகள் வெறுங்காலோடு ஓடினாள். ஓரிடத்தில் கால் உள்ளே இறங்கியது. அவள் கத்தியதும், என்ன ஆனது என்று தெரியாமல் நாங்கள் பாம்பைத் தேடியதும்... மணலில் ஒன்றுமே தெரியவில்லை. மணல் காற்றைத் தடுக்கலாம், சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

குமுளி அக்காவுக்கு: பற்பசை, நெய், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். எங்களுக்கு டாக்டர் சொன்னது, ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காலைக் காட்டு, அப்புறம் சுத்தமான துணியால் தளர்வாக மூடி ஆஸ்பத்திரிக்கு வா. கொப்புளத்தை உடைக்கக் கூடாது.

போடி மலையடிவாரம்:

எல்லோரும் கடைசியில் "செடிக்குப் போட்டுவிடலாம்" என்றுதான் வரப்போகிறீர்கள். அதற்கு முன் ஒரு வார்த்தை. எங்களுக்கு மேலே பூப்பாறையில் ஏலம், கீழே போடியில் கொஞ்சம் தோட்டம். கீழே குத்தகைக்கு இருந்தவர், பக்கத்து ஓட்டல் சாம்பலை வண்டி வண்டியாக வாங்கி எலுமிச்சை மரங்களின் பாத்தியில் கொட்டினார். நான் போய்ப் பார்த்த அன்று இளம் இலை எல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. அது இரும்புச் சத்து ஏறாத அடையாளம். எங்கள் கீழ்மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்பு அதிகம். சாம்பலும் காரம். இரண்டும் சேர்ந்தால் இரும்பு மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது.

மலைக்கு மேற்கே கதை வேறு. அங்கே மழையில் கரைந்து கரைந்து மண் பெரும்பாலும் புளித்து, அதாவது அமிலமாகிப் போயிருக்கும், விவசாயிகளே காசு கொடுத்துச் சுண்ணாம்பு வாங்கிப் போடுகிறார்கள். தென்னைக்குச் சாம்பல் போடும் பழக்கம் அங்கே சும்மா வரவில்லை, சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) கிடைக்கிறது, புளிப்பும் குறைகிறது. தேயிலைக்கு மட்டும் வேண்டாம், அதற்குப் புளித்த மண்தான் பிடிக்கும். யூரியாவோடும் பச்சைச் சாணத்தோடும் சாம்பலைக் கலக்காதீர்கள், தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகிப் பறந்துவிடும். கட்டி கட்டியாக அச்சில் வார்த்து விற்கும் கரியின் சாம்பலும், மண்ணெண்ணெய் ஊற்றி மூட்டிய அடுப்பின் சாம்பலும் எந்தச் செடிக்கும் ஆகாது. மரக்கரி, சிரட்டைக்கரி சாம்பல் மட்டும், அதுவும் கைப்பிடி அளவு.

காட்டு ஓரத்தில் கொட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 குரங்கணித் தீயில் மலையேறப் போன பிள்ளைகள் கருகினார்கள். அந்தத் தீ எப்படி வந்தது என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. மாசி, பங்குனியில் மலைப்புல் எப்படிக் காய்ந்து நிற்கும் என்று எங்களுக்குத் தெரியும். அந்தப் புல் பக்கம் சாம்பல் கொட்டுகிறவரைப் பார்த்தால் நான் வண்டியை நிறுத்திச் சண்டை போடுவேன்.

வால்பாறை:

நீங்கள் எல்லோரும் வெளியே கொட்டியதைப் பேசுகிறீர்கள். மலக்கப்பாறை பக்கம் தங்கிய நண்பர்கள் குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று அணைந்த மாதிரி இருந்த கரித்தட்டை அறைக்குள் எடுத்துப்போனார்கள். புகை இல்லை. ஜன்னல் மூடியிருந்தது. ஒருவன் தலைவலி தாங்காமல் எழுந்து, கதவைத் திறக்கத் தெரியாமல் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டே நின்றானாம். எப்படியோ திறந்தான், எல்லோரும் பிழைத்தார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வெள்ளையாகிவிட்ட கரியிலும் அது வரும்.

தோப்புக்காரன், கோபாலபுரம்:

செங்கோட்டைத் தம்பி சொன்ன இடுக்கி முறை நல்லது, அடுப்பு சின்னதாக இருந்தால். விருந்துக்கு மூட்டுவது பத்தடி நீள அடுப்பு, அதில் ஒவ்வொன்றாக எடுக்க ஆள் ஏது? அங்கே தண்ணீர்தான். பூவாளியில், தள்ளி நின்று, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. வாளியைக் கவிழ்ப்பதும் இதுவும் ஒன்றல்ல.

குமுளிக்காரி:

அக்காவின் கால் ஆறிவிட்டது, வேலைக்கு வருகிறார். வலது பாதத்தில் தழும்பு இருக்கிறது. பிளாஸ்டிக் பக்கெட் முற்றத்துக்கே வரக் கூடாது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ஹரித கர்ம சேனைக்காரர்கள், கேரளாவில் வீடு வீடாக வந்து குப்பை எடுக்கிறவர்கள், பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் எடுத்துப் போகிறார்கள், சாம்பல் அவர்கள் கணக்கில் இல்லை. ஆறிய பிறகு போடி அண்ணன் சொன்னபடி தென்னைக்குப் போடலாம் என்றிருக்கிறேன். மூடியோடு இரும்பு வாளி இங்கே கிடைக்கவில்லை. பழைய பெயிண்ட் டின் ஆகுமா?

தோப்புக்காரன், கோபாலபுரம்:

பெயிண்ட் டின் வேண்டாம்மா, உள்ளே ஒட்டியிருக்கும் பெயிண்ட் பற்றும். கம்பத்தில் பழைய இரும்புக் கடையில் கேளுங்கள், தகரப் பட்டறையிலும் செய்து தருவார்கள். அடியில் மூன்று கால் வைக்கச் சொல்லுங்கள், சூடு தரைக்கு இறங்காது. மூடி இறுக்கமாகப் பொருந்துகிறதா என்று கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.