அப்பாச்சியின் செபமாலையில் எங்கள் ஊர்

பாசையூர் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

எங்கட அப்பாச்சியின் 31ம் நாள் பூசை வாற சனிக்கிழமை. செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கும் தொலைபேசியில் அழுதவர்களுக்கும் நன்றி சொல்லத்தான் எழுதத் தொடங்கினேன். ஆனால் அவ போன பிறகு ஒரு விசயம் தெரியவந்தது. அது உங்கள் எல்லாரையும் சேர்ந்தது.

அவவின் செபமாலையைக் கண்டவர்களுக்கு நினைவிருக்கும். மர மணிகள், கோர்த்திருந்தது மீன்பிடிக்கிற தங்கூசி நூலில். யாழ்ப்பாணமே சண்டையால் இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு, கொட்டுற மழையில், நாவற்குழிப் பாலத்தடியில் சனம் அசைய இடமில்லாமல் நின்றபோது அது அறுந்தது. பின்னால் வந்த சனம் தள்ளத் தள்ள, அப்பாச்சி குந்தியிருந்து சேற்றுக்குள் கையால் தடவி மணி பொறுக்கினதை அப்பா இப்பவும் சொல்லுவார். 59 மணியில் 58 கிடைத்தது. சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்து, எங்கட ஊர் ஆள் ஒருவரிடம் தங்கூசி வாங்கிக் கோர்த்தவ. துலைஞ்ச மணியின் இடத்தில் ஒரு முடிச்சு. அந்த முடிச்சுக்கும் ஒரு முழு மந்திரம் சொல்லாமல் விரல் நகராது.

1996இல் ஜேர்மனிக்கு வந்தபோது அவவுக்கு 65 வயது. தமிழ்ப் பூசை மாதத்தில் ஒருநாள்தான், அதுவும் அடுத்த நகரத்தில். "ஆண்டவருக்கு மாசத்தில ஒருநாளோ?" என்று கேட்டுவிட்டு, எங்கள் தெருக் கோயிலின் காலைப் பூசைக்குப் போகத் தொடங்கினா. சீலைக்கு மேல் அப்பாவின் குளிர் ஜக்கெட், அதற்கு மேல் முக்காடு. ஒரு சொல் ஜேர்மன் தெரியாது. ஆனால் முதல் ஞாயிறே சுவாமி "கீரியே எலெய்சோன்" என்று பாட, கோயில் அதிர இவ பதில் பாடினா. வத்திக்கான் சங்கத்துக்கு முந்திய லத்தீன் பூசையில் வளர்ந்தவ அல்லவா! "இது எங்கட பழைய பூசை பிள்ளை" என்று வீடு வரும் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தா. செபமும் பழைய செபம்தான். நாங்கள் "அருள் நிறைந்த மரியே" என்போம், அவ "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்பா.

மூன்றாவது வாங்கில் பக்கத்தில் ஒரு ஜேர்மன் கிழவி இருப்பா. சமாதானம் சொல்லிக் கை கொடுப்பதோடு சரி. எனக்குப் பதினொரு வயதில் ஒருநாள், பூசை முடிய அந்த அம்மா என்னைப் பிடித்து, உன் பாட்டி எப்படி இந்த நாட்டுக்கு வந்தவ என்று கேட்டா. நான் சொன்னேன். அவ தன் கதையைச் சொன்னா. சொந்த இடம் சிலேசியா, முந்தி ஜேர்மனியோடு இருந்து போருக்குப் பிறகு போலந்துக்குப் போன பக்கம். 1946இல், சிறு பெட்டையாய், தாயோடு சாமான் ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். அப்பாச்சி எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னா: "வீட்டுத் திறப்பை என்ன செய்தவையாம்?" கதவுப் பூட்டிலேயே விட்டுப் போகச் சொல்லிக் கட்டளை என்றா அந்த அம்மா. அப்பாச்சி கனநேரம் பேசவில்லை. பிறகு, "என்ர திறப்பு லாச்சிக்குள்ள கிடக்கு எண்டு சொல்லு." அடுத்த நாளில் இருந்து இரண்டு பேரும் கைபிடித்துத்தான் கோயில் படி இறங்குவார்கள்.

உங்களில் கனபேர் அவவைக் கடைசியாகக் கண்டது ஆவணி மாதத்தில் ஜேர்மனியின் கேவலார் மாதா கோயிலுக்குப் போற யாத்திரையில்தான். சைவ ஆக்களும் நேர்த்தியோடு வந்து மெழுகுதிரி கொளுத்துற இடம். 1642இல் இருந்து அங்கே மக்கள் வணங்குவது உள்ளங்கை அளவு கடதாசிப் படம் ஒன்றை. முதல் தடவை அதைக் கண்டு, இவ்வளவு சின்ன மாதாவா என்று நான் கேட்டேன். "ஓடிற சனம் இதைத்தானே காவ ஏலும்" என்றா. 2008இல் சண்டை நெருங்க மடு மாதாவின் சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோன செய்தி வந்த அன்று அவ சாப்பிடவில்லை.

இனி, தெரியவந்த விசயம். அவவின் செபப் புத்தகத்துக்குள் ஒரு பழைய அப்பியாசக் கொப்பி இருந்தது. அதில் ஐம்பது வீடுகள். கடற்கரையில் தொடங்கி அந்தோனியார் கோயில் வாசல் வரைக்கும், ஒழுங்கை ஒழுங்கையாக, பத்துப் பத்தாகப் பிரித்து, பென்சிலால். செபமாலையின் ஒரு மணிக்கு ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரில் மாங்குளம், கொழும்பு, பாரிஸ், மார்க்கம், சிட்னி. ஆக்கள் இடம் மாற மாற பழைய இடத்தை வெட்டிப் புதியதை எழுதியிருக்கிறா. வீட்டை மட்டும் எங்கேயும் வெட்டவில்லை. தொடக்கத்து மூன்று மணிகளுக்கு, "கடலுக்குப் போய் வராத ஆக்கள்."

தொலைபேசி எடுத்தால் சுகம் விசாரிக்க முதல், "அந்த வீட்டுப் பெடியன் இப்ப எங்க?" என்று கேட்பாவே, நாங்கள் அதை ஊர் விடுப்புக் கதை என்றுதான் நினைத்திருந்தோம்.

அப்பா இப்போது அதே ஒழுங்கில் சொல்லத் தொடங்கியிருக்கிறார். இரண்டு இடத்தில் தடக்குது. 27ஆவது, கிணத்தடி ஒழுங்கை முடக்கு வீடு. 41ஆவது, பூவரச மரத்து வீடு. இரண்டுக்கும் எதிரில் "கிளாலி" என்று மட்டும் இருக்கு, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அந்த வீட்டு ஆக்கள் கிளாலிக் கடல்நீரேரி கடந்து எங்கே போனார்கள் என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கோ. சனிக்கிழமைக்கு முதல் தெரிந்தால் கொப்பியில் எழுதிக்கொண்டே பூசைக்குப் போவோம்.