கோபுர உச்சியில் நேர்முனைக் கம்பியை எர்த்தோடு சேர்க்கலாமா?

தளப் பொறியாளர்:
45 மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரத்தின் உச்சியில் இருக்கும் மூன்று ரேடியோ அலகுகளுக்கு, அடியில் உள்ள கருவி அறையிலிருந்து −48 வோல்ட் டி.சி. மின்சாரம் கேபிள் வழியாகச் செல்கிறது. பேட்டரியின் நேர்முனை, அறையிலுள்ள முதன்மை எர்த் பஸ்பாரில் (எல்லா எர்த் கம்பிகளும் சேரும் செம்புப் பட்டையில்) ஓர் இடத்தில் மட்டும் இணைக்கப்பட்டுள்ளது. புதிதாகப் பொருத்தவிருக்கும் அலகுகளில் நேர்முனைக் கம்பியை உலோக உறையோடு சேர்க்கவும் முடியும், சேர்க்காமல் தனியே விடவும் முடியும். கையேடு இரண்டையும் அனுமதிக்கிறது. எங்கள் குழுவுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை. அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு விளக்க வேண்டுகிறேன்.

மின்னல் காப்பாளர்:
உச்சியில் சேர்த்துவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. மின்னல் விழும் சில மைக்ரோநொடிகளில் கம்பியின் மின்தடையைவிட அதன் தன்மின்தூண்டலே (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் பண்பே) முக்கியமாகிறது. நேராகச் செல்லும் கம்பிக்கு அது மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி. மின்னோட்டம் மைக்ரோநொடிக்கு 10 கிலோஆம்பியர் வீதம் ஏறினால் ஒவ்வொரு மீட்டரிலும் 10,000 வோல்ட் எழும். கோபுரத்தின் சட்டம் அகலமானது, மின்னோட்டமும் பல கால்களில் பிரிகிறது என்பதால் அங்கே இது குறையும். ஆயினும் 45 மீட்டருக்கும் கூட்டிப் பார்த்தால், உச்சியிலுள்ள உறைக்கும் அடியில் மட்டும் எர்த் செய்யப்பட்ட நேர்முனைக்கும் இடையே லட்சம் வோல்ட் அளவில்கூட வேறுபாடு தோன்றலாம். அந்த வேறுபாடு முழுவதையும் அலகுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா?

மின்வழங்கல் வடிவமைப்பாளர்:
நண்பர் கணக்கில் கேபிளின் உலோகக் கவசம் விடுபட்டுவிட்டது. கவசத்தை உச்சியிலும் அடியிலும் எர்த் செய்திருந்தால், அதனுள் ஓடும் கம்பிகளிலும் ஏறத்தாழ அதே மின்னழுத்தம் தூண்டப்படுகிறது. கம்பிக்கும் கவசத்துக்கும் இடையே எஞ்சுவது, பெரும்பாலும் கவசத்தின் மின்தடையால் வரும் சிறு பகுதியே.

எனக்குள்ள கவலை மின்னல் நாளைப் பற்றியதன்று, மற்ற எல்லா நாட்களையும் பற்றியது. 10 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்கு 45 மீட்டரில் மின்தடை சுமார் 0.08 ஓம். இறுக்கமான இணைப்புகள் கொண்ட கோபுர இரும்பின் தடை பெரும்பாலும் இதைவிடக் குறைவு. இரு முனைகளிலும் சேர்த்தால் சுமை மின்னோட்டத்தின் பெரும்பங்கு இரும்பு வழியாகவே போகும். நான் ஆய்வு செய்த ஒரு நிலையத்தில் நேர்முனைக் கம்பியின் லக் (நுனியிலுள்ள இணைப்பு வளையம்) முற்றிலும் கழன்றிருந்தது. அலகு எந்தக் குறையுமின்றி இயங்கிக்கொண்டிருந்ததால், எத்தனை நாளாக அப்படி இருந்தது என்பதே யாருக்கும் தெரியவில்லை. இன்னொன்று: டி.சி. மின்னோட்டம் மண்ணுக்குள் கசிந்தால் இரும்பு கரையும். 1 ஆம்பியர் ஓராண்டு கசிந்தால் சுமார் 9 கிலோ இரும்பு போய்விடும். கோபுரத்தின் கால்களை அப்படி இழக்க நான் தயாராக இல்லை.

மின்னல் காப்பாளர்:
கவசத்தைப் பற்றிச் சொன்னது சரி. அரிப்பைப் பற்றிச் சொன்னதில் ஒரு திருத்தம் தேவை. உலோகம் கரைவது, மின்னோட்டம் உலோகத்தை விட்டு மண்ணுக்குள் இறங்கும் இடத்தில்தான். இங்கே எர்த் செய்யப்பட்டிருப்பது நேர்முனை. ஆகவே மின்னோட்டம் மண்ணில் அடித்துள்ள அறையின் எர்த் கம்பத்திலிருந்து மண்ணுக்குள் இறங்கி, கோபுரத்தின் காலில் ஏறும். கரைவது அறையின் கம்பமே. அதுவும் கோபுரத்தையும் அறையையும் பிணைக்கும் செம்புப் பட்டை பழுதாகியிருந்தால்தான் பொருட்படுத்தத்தக்க அளவில் நடக்கும். புதைத்த தொலைபேசிக் கேபிளின் செம்பு கரையாதிருக்க நேர்முனையை எர்த் செய்யும் வழக்கம் வந்ததும் இதே காரணத்தால்தான்.

மின்வழங்கல் வடிவமைப்பாளர்:
திருத்தத்தை ஏற்கிறேன், ஆனால் முடிவை மாற்ற அது போதவில்லை. பட்டை பழுதாவது அரிதான நிகழ்வன்று. பழுதான பின் கரைவது, மண்ணுக்குள் யார் கண்ணிலும் படாத கம்பம் என்பது என் கவலையைக் கூட்டவே செய்கிறது.

புதிய உறுப்பினர்:
ரேடியோ அலகுகளுக்கு மட்டும் தனியாக ஓர் எர்த் கம்பம் அடித்து, அதை வேறெதோடும் இணைக்காமல் விட்டால் இந்தச் சிக்கலே வராதல்லவா?

மின்னல் காப்பாளர்:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 5 ஓம் தடையுள்ள கம்பத்தில் 30 கிலோஆம்பியர் இறங்கினால் அதன் மின்னழுத்தம் 1,50,000 வோல்ட் உயரும். இணைக்கப்படாத மற்றொரு கம்பம் அதோடு சேர்ந்து உயராது. இடைப்பட்ட வேறுபாடு முழுவதும் உங்கள் கருவிக்குள் வந்து நிற்கும். எத்தனை கம்பங்கள் வேண்டுமானாலும் அடிக்கலாம், ஆனால் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பிணைத்தாக வேண்டும். இதில் எனக்கும் வடிவமைப்பாளருக்கும் வேறுபாடு இருக்காது.

மின்வழங்கல் வடிவமைப்பாளர்:
இல்லவே இல்லை. மூலக் கேள்விக்கு நான் முன்வைக்கும் வழி இதுதான்: உச்சியில் நேர்முனைக்கும் உறைக்கும் இடையே ஒரு சர்ஜ் அரெஸ்டர் வையுங்கள். சாதாரண நாட்களில் அது திறந்த சுற்றாகவும், மின்னலின்போது இணைப்பாகவும் செயல்படும். நண்பர் கேட்கும் சமநிலை தேவையான நொடியில் கிடைத்துவிடும்.

மின்னல் காப்பாளர்:
கிடைக்கும், அரெஸ்டரின் கம்பிகள் குட்டையாக இருந்தால். இரு கம்பிகளும் சேர்ந்து அரை மீட்டர் நீண்டாலே, அதன் வழியே மைக்ரோநொடிக்கு 1 கிலோஆம்பியர் ஏறும்போது கூடுதலாக 500 வோல்ட் அலகின் மேல் விழும். அழகுக்காகக் கம்பியைச் சுற்றி வளைத்துக் கட்டும் பழக்கத்தைப் பல தளங்களில் பார்த்து வருந்தியிருக்கிறேன். அரெஸ்டர் செயலிழந்தால் அறைக்குத் தகவல் தரும் எச்சரிக்கைத் தொடர்பும் கட்டாயம் வேண்டும். இவை உறுதியானால் நேர்முனையைத் தனியே விட எனக்கு மறுப்பில்லை. கவசமற்ற கேபிளாக இருந்தால் என் முதல் விடையில் மாற்றமில்லை.

தளப் பொறியாளர்:
இருவருக்கும் நன்றி. இன்று சரிபார்த்ததில், மூன்று கேபிள்களில் ஒன்று பழையது, அதற்குக் கவசமே இல்லை என்று தெரிந்தது.

மின்வழங்கல் வடிவமைப்பாளர்:
அப்படியானால் முதலில் அந்தக் கேபிளை மாற்றுங்கள். அதற்காக நேர்முனையை உச்சியில் சேர்ப்பது, ஒரு குறையை மறைக்க இன்னொன்றை நிரந்தரமாக்குவதாகும்.

மின்னல் காப்பாளர்:
மாற்றும் வரை அந்த ஓர் அலகுக்கு மட்டும் சேர்த்து வைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

தளப் பொறியாளர்:
அந்த அலகைப் புதிய கேபிள் வரும்வரை பொருத்தாமல் நிறுத்திவைக்கிறோம். மற்ற இரண்டிலும் நேர்முனையைத் தனியே விட்டு, அரெஸ்டரை உறையை ஒட்டியே பொருத்துகிறோம். மின்சாரம் கொடுத்தபின், டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரை எர்த் பட்டையில் மாட்டி, சுமை மின்னோட்டம் எதுவும் அதில் ஓடவில்லை என்பதை உறுதிசெய்து அளவுகளை இங்கே பதிவிடுகிறேன்.